பண்ணைக்காட்டில் ஒரு பிளேன் டீ

கொடைக்கானல் பேருந்து பண்ணைக்காட்டில் நிற்கிறது. ரோட்டோரக் கடையில் பிளேன் டீ கேட்கிறேன். கடைக்கார அக்கா சர்க்கரையை என் உள்ளங்கையில் கொட்டுகிறார். நான் அதைக் கிளாஸில் போட்டுக் கலக்குகிறேன். அவருக்குச் சிரிப்பு.

"நக்கிக்கிட்டே குடிக்கணும் சார். சிலோன் தோட்டத்துப் பழக்கம். எங்க அப்பா அங்கிட்டு இருந்து வந்தவரு."

அடுத்த வாரம் நான் இலங்கை போகிறேன். அந்த நாட்டைப் பற்றிக் கைபேசியில் படித்துக்கொண்டிருந்த கட்டுரையைக் காட்டுகிறேன். மன்னர்கள், வெள்ளைக்காரர்கள், தேயிலை, போர், சுற்றுலா என ஐந்தே பத்தியில் ஒரு நாடு முடிந்துவிடுகிறது. தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு அதில் அரை வரிகூட இல்லை. கடைசியில், ஹோட்டலாக மாறிய ஒரு பழைய பங்களாவின் படம்.

அக்கா அதை உற்றுப் பார்க்கிறார்.

"ஊரே ஹனிமூனுக்குக் கொடைக்கானல் வருது. எம்மக சிலோனுக்குப் போறா. அப்பா வேலை பாத்த தோட்டத்துலயே, இதே மாதிரி தொரை பங்களாவுல ரூம் போட்டிருக்கா. அந்தக் காலத்துல தோட்டத்து ஆளுக கேட்டு வாசல்லயே செருப்பக் கழட்டிரணுமாம்."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அக்கா என் கிளாஸை வாங்கிக்கொள்கிறார்.

"புதுச் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கேன். கழட்டாம உள்ள போடீன்னு சொல்லிட்டேன்."