தோட்டப் பள்ளியில் சுதந்திரப் பாடம்

சரித்திரம் படிப்பிப்பவனுக்கு நாள் முழுக்கப் பேச்சுத்தான், ஆனால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வெளியூர்ப் பள்ளியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளில் இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் இருந்தேன். மணி அடித்ததும் மற்ற ஆசிரியர்கள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் வீடு தொலைவில், பதுளையில். நான் பள்ளிக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போவேன்.

கடலில் கொட்டிய தேயிலை

எட்டாம் ஆண்டு வகுப்புக்கு அமெரிக்கா விடுதலை பெற்ற கதையைச் சொன்னேன். பிரிட்டனின் வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று கையை வீசிக் காட்டினேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். முன் பெஞ்சில் செல்வி எழுந்தாள். அவள் அம்மா மாரியாயி கொழுந்து எடுப்பவர். கொழுந்து குறைந்தால் முழு நாள் சம்பளத்துக்குப் பேர் போட மாட்டார்கள்.

"கொட்டுனது சரிங்க சேர், அந்தக் கொழுந்த எடுத்தவங்களுக்குப் பேர் போட்டாங்களா?"

கொடி வாங்கப் போனது

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் அவிசாவளையில் காகிதக் கொடிகள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இராணுவச் சோதனைச் சாவடியில், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் என்னை மட்டும் இறக்கினார்கள். பையைக் கவிழ்த்து ஒவ்வொரு கொடியாக விரித்துப் பார்த்தார்கள். பஸ் காத்திருக்கவில்லை. அதிலிருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. கொடிகளை அடுக்கித் தந்த இளம் சிப்பாய் சங்கடத்தோடு சிங்களத்தில் சொன்னான்:

"கோவிக்காதீங்க சேர், நாளைக்குச் சுதந்திர தினம், அதுதான் கூடுதலா செக் பண்றோம்."

செல்வி வரவில்லை

பாடம் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டுக்கு வந்தது. நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை, இந்தியாவிலிருந்து வந்தவர்களென்று சொல்லி, பிரஜாவுரிமை இல்லாதவர்களாக ஆக்கியது. புத்தகத்தில் முதல் பாதிதான் இருந்தது. இரண்டாவதை நானே சொன்னேன். மறுநாளிலிருந்து செல்வி வரவில்லை. அந்த வாரம் முழுக்கக் கேள்வியே இல்லாமல் பாடம் நடந்தது.

சனிக்கிழமை அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். மாரியாயி குரலைத் தாழ்த்தி, "நாங்க அதச் சொல்லாமலே வளத்தோங்க சேர். இப்ப நம்ம எந்த நாட்டு ஆளுகன்னு கேட்டு அழுகுறா" என்றார். செல்வியிடம், "நீ இல்லாம என்கிட்ட கேள்வி கேக்க ஆளில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை வந்துவிட்டாள். உட்காரும் முன்பே கேட்டாள்:

"எங்களத் திரும்பச் சேத்துக்கிட்ட பாடம் இன்னைக்கு வருமா சேர்?"

வெள்ளைக்காரன் போன கதையை ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம், அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் எனக்கு வேலைக்காலம் முழுவதும் போதவில்லை.