ரோஜாத் திருவிழாவில் ஒலிபெருக்கியில் என் பெயர்

முதலில் நினைவுக்கு வருவது ரோஜா மணம் இல்லை. வெண்ணெய் கருகும் மணம்தான்...

அந்தக் கிராமத்துக்குள் நுழையும் இடத்திலேயே கிரேப் என்கிற மெல்லிய பிரெஞ்சுத் தோசை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையைத் தாண்டினால்தான் பூக்களைப் பார்க்கலாம்.

2011, ஜூன் மாதம். நான் பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்குப் பேசிய மாப்பிள்ளை சுதனுடைய போட்டோ வந்திருந்தது, சாதகமும் பொருந்தியிருந்தது. எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு ரெஸ்டாரண்ட் குசினியில் சமையல் வேலை என்று சொன்னார்கள்.

எனக்கு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. நான் அப்போது பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் படிக்க ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு படிக்க விடுவாரா?

"கதைக்கிறதெண்டால் வீட்டிலை வந்து கதைக்கட்டும்" என்றார் அண்ணன்.

வீட்டில் என்றால் சுற்றிவரப் பெரியவர்கள் இருப்பார்கள். அதற்குள் நான் என்னத்தைக் கேட்பது? லா ஷப்பலில் ஒரு கடையில் இருவரும் தேத்தண்ணி குடித்தாலோ, அது ஆற முன்னமே செய்தி லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போய்விடும்.

அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். அவர் வேலை செய்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரி சொன்னாளாம்.

"ஒரு கிராமத்திலை ரோஜாத் திருவிழா நடக்குதாம். வெள்ளைக்காரர்தான் போவினம். எங்கடை சனம் ஒருத்தரும் அந்தப் பக்கம் வராது. கதைச்சுப்போட்டு வா பிள்ளை. அண்ணையை நான் சமாளிக்கிறன்."

ட்ரெயினில் நானும் சுதனும் எதிரெதிரே இருந்தோம். இருவரும் யன்னலைப் பார்த்தபடி...

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

அவ்வளவுதான். பிறகு ஒரு பஸ். அதிலும் யன்னல்தான்.

எங்கள் கட்டடத்தில் இருக்கிற ஆட்களை விடக் குறைவான ஆட்கள் வாழும் ஊர் அது. அன்றைக்கோ, யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேருக்கு வந்தது போல் சனம்! கல் பாவிய ஒடுங்கிய தெருக்கள், ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் ரோஜாக்கொடி. வெள்ளை, மஞ்சள், வெளிறிய சிவப்பு... வயதான பெண்கள் தொப்பியில் பூக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு நாயின் கழுத்தில்கூட ரோஜா மாலை.

'இப்ப கேட்பம், இப்ப கேட்பம்' என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். அந்த நேரம் பார்த்து பாண்ட் வாத்தியத்தோடு பூ அலங்கார வண்டிகள் வந்தன. சனத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கினார்கள். வண்டிகள் போய் முடிந்து திரும்பினால், சுதனைக் காணவில்லை.

போனில் சிக்னல் இல்லை. அரைகுறைப் பிரெஞ்சில் யாரிடம் என்னவென்று கேட்பது? 'நான் கட்டப்போகிற ஆளைக் காணவில்லை, ஆனால் கட்டுவேனோ தெரியாது' என்றா? பஸ் எந்தப் பக்கம் நின்றது என்பதும் மறந்துவிட்டது. கண் கலங்கத் தொடங்கியது.

ஒலிபெருக்கியில் ஒருவர் தொலைந்துபோன பிள்ளைகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் 'தர்'ரும் 'னி'யும் கலந்த ஏதோ ஒரு பெயர். அது நான்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு, அந்தப் பிரெஞ்சுக் கிராமம் முழுக்க...

"தர்சினி, நான் சுதன் கதைக்கிறன். பயப்பிடாதேங்கோ. தேவாலயத்துக்கு முன்னாலை மேயர் கந்தோர் இருக்கு. அந்தப் படியிலை நிக்கிறன். ஓடி வர வேண்டாம், ஆறுதலா வாங்கோ. நான் இதை விட்டு அசையமாட்டன்."

சனம் எல்லாம் நின்று மேலே பார்த்தது. யாரோ கை தட்டினார்கள். நான் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மேயர் அலுவலகப் படியில் நின்றார். முகமெல்லாம் வியர்வை. வைக்கோல் தொப்பி போட்ட அறிவிப்பாளர் அவருடைய தோளில் தட்டி "மக்னிஃபிக்!" என்று பிரெஞ்சில் பாராட்டினார். ஏதோ கவிதை சொன்னதாக நினைத்திருப்பார் போல.

என் வாயில் முதலில் வந்ததே அந்தக் கேள்விதான். "கலியாணத்துக்குப் பிறகு என்னைப் படிக்க விடுவீங்களோ?"

அவர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இதைக் கேக்கத்தானோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? படியுங்கோ. சமையல் என்ரை வேலைதானே, வீட்டிலையும் சமைச்சால் போச்சு."

நான் சிரிக்கத் தொடங்கவும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

"அட, எங்கடை தர்சினி!"

சாந்தி அக்கா! லூயி-பிளாங் தெருவில் போன் கடை வைத்திருப்பவர். லா ஷப்பல் பெண்கள் ஒரு பஸ்ஸே பிடித்து ரோஜா பார்க்க வந்திருக்கிறார்கள். தமிழில் யார் கூப்பிடுவது என்று பார்க்க எல்லோரும் படியடிக்கு வந்துவிட்டார்கள். சுதனுடைய சம்பளம், ஊர், தாய்மாமன் வரைக்கும் விசாரித்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னார்.

ட்ரெயின் பாரிசுக்கு வந்து சேர முன்னமே அண்ணனின் போன் வந்தது.

"மைக்கிலை கதைச்சது அந்தப் பெடியன்தானே?"

"ஓம் அண்ணை..."

சுதனுக்குக் கேட்காதபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"குரல் நல்லா இருந்ததாம் எண்டு சாந்தி சொல்லுறா. சரி, ஆளை வீட்டை கூட்டிக்கொண்டு வா. அண்ணி இடியப்பம் அவிக்கிறா."

இப்போது நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். போன ஜூனில் இரண்டு பெண்பிள்ளைகளோடு அதே ஊருக்குப் போனோம். ரோஜா அப்படியே. சனம்தான் இன்னும் கூடிவிட்டது. யாரும் யாரையும் தேடுவதில்லை, ஆளுக்கொரு போன்... பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொண்டு பாதி நேரம் படம் எடுத்தார்கள்.

சுதன் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. திரும்புகிற நேரம் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். 'பாருங்கோ, எங்களை விட்டுட்டுப் போறார்' என்று பிள்ளைகளிடம் நான் புறுபுறுத்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில், தூரத்தில் நிறுத்தியிருந்த காரை அந்தச் சனத்துக்குள்ளால் மெல்ல மெல்ல ஓட்டி வந்து எனக்கு முன்னால் நிறுத்தினார்.

கால் நோகுது என்று நான் காலையில் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். அதுவும் பிள்ளைகளிடம்.