முட்டை இல்லாத நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜெனரேட்டர் சர்வீஸுக்குப் போகிற இடத்திலெல்லாம் யாரையாவது திட்டாமல் வரமாட்டேன். அரிசி மில், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், எங்கேயும் ஒரே கதைதான். கெட்டுப்போன பிறகு அலறியடித்துக் கூப்பிடுவார்கள், கெடாமல் பார்க்க வந்தால், "நல்லாத்தானே ஓடுது, எதுக்குங்க நோண்டறீங்க?" என்பார்கள்.

மொரப்பூர் பக்கம் ஒரு ஊரில் நாட்டுக்கோழி ஹேச்சரி வைத்திருந்த அக்கா அப்படியில்லை. கார்மெண்ட்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, குஞ்சு பொரிக்கும் மெஷினை ஒற்றை ஆளாக நடத்தினார். மாதாமாதம் அவரே போன் பண்ணிக் கூப்பிடுவார். ஆயில் மாற்றச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "மறுபடி அந்தக் கம்பெனி வேன்ல ஏற மாட்டேன் தம்பி. சூப்பர்வைசர் மூஞ்சி கனவுலகூட வரக் கூடாது" என்று சிரிப்பார்.

ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டார். மெயினை இறக்கிவிட்டு, மெஷினை ஜெனரேட்டர் கரண்ட்டில் ஓட்டிப் பார்ப்பதற்கு. ஜெனரேட்டரை மட்டும் சும்மா ஓட்டினால் என்ஜின் நன்றாக இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். கரண்ட் மெஷினுக்குப் போய்ச் சேருமா என்று தெரியாது. அந்த லைனில் கரண்ட் போவதே அபூர்வம், போனாலும் ஜெனரேட்டரைப் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் முட்டை உள்ளே இருக்கும்போது மெயினில் கை வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து ஹேச்சரிக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு. பிரசவம் நடக்கும் அறையில் விளக்கை அணைப்பது மாதிரி அவர்களுக்கு.

"வெள்ளிக்கு வெள்ளி புது முட்டை வெக்கறீங்க. முட்டை இல்லாத நாளுன்னு ஒண்ணு எப்பத்தாங்க்கா வரும்?" என்று கத்தினேன்.

"அப்படியொரு நாளு வரவே வேணாம் தம்பி. மொதல்ல வாயக் கழுவு."

கோடை மழை பிடித்த ஒரு மத்தியானம் போன் வந்தது. "தம்பி, கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டர் ஓடுது, மெஷின் ஓடல. சுவிட்ச் கைப்பிடிய ஜெனரேட்டர் பக்கம் தள்ளுனேன், படபடன்னு பொறி பறந்து பொகை வந்துருச்சு." நான் தீர்த்தமலைப் பக்கம் இருந்தேன். வழியெல்லாம் புளியமரம் சாய்ந்து கிடந்தது. எந்தப் பாவி இந்த ரோட்டில் மரம் வைத்தான் என்று திட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டினேன்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஷெட்டுக்கு வெளியே ஜெனரேட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே காற்றாடி நின்றுபோன மெஷினின் கதவுகளைத் திறந்துவைத்து, அக்கா முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள், காற்றில்லாவிட்டால் உள்ளேயே புழுங்கிச் செத்துவிடும். மொரப்பூர் சுற்றுவட்டாரமே குஞ்சுக்குச் சொல்லி வைத்திருந்தது.

"இப்ப வரைக்கும் ஓட்டுக்குள்ள கீச்சு கீச்சுன்னு கேட்டுச்சு தம்பி."

ஜெனரேட்டரையும் மெயினையும் மாற்றிக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். ஜெனரேட்டர் பக்கம் மட்டும் பச்சைக் களிம்பேறி, கருகிப் போயிருந்தது. ஒரே ஒரு தடவை மெஷினை இதில் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒயரை நேராக இழுத்துக் கொடுத்தேன். காற்றாடி சுற்றியது. அக்கா தட்டு தட்டாகக் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஒன்றுமில்லை.

திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு ஹேச்சரிக்குப் போய்விட்டார்கள். புது சுவிட்ச் மாட்டிக் கொடுத்தேன். ஆனால் அக்கா அதற்குப் பிறகு முட்டை வைக்கவே இல்லை. சில வாரம் கழித்து ஒரு காலையில் வரச் சொன்னார்.

"அரூர்லேர்ந்து மெஷின வெலைக்குப் பாக்க வர்றாங்க. நீயே ஓட்டிக் காட்டிடு தம்பி, எனக்கு லீவு இல்ல." கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. "நீ கேட்ட நாளு வந்துருச்சு பாரு. எறக்கு மெயின, எவ்ளோ நேரம் வேணும்னாலும் எறக்கி வெய்யி."

இறக்கினேன். ஜெனரேட்டரைப் போட்டுக் கைப்பிடியைத் தள்ளினேன். எந்தத் தடங்கலும் இல்லை. காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, வெறும் தட்டுகள் ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்ந்தன.

"நல்லா ஓடுதுல்ல?" என்றார் அக்கா.

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.