இரண்டாம் சுற்றுக்கு வராதவர்கள்

ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிகளை யாரும் அடியோடு மறந்துவிடுவதில்லை. மேடையில் ஒரு கதிரை மிஞ்சும்போது நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் சென்ற வருடம் கரைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போதைத் தடுப்புப் பாடத்தை மறுபடியும் தொடங்குகிறார்கள். ஏழு வருடங்களுக்கு முன் அதே பாடத்தை எங்கள் வலயத்தில் நடத்தி, அது பலன் தந்தது என்று அறிக்கை எழுதியவள் நான். பெற்றோருக்கு அந்த ஆதாரத்தை எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

முன்னேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அதிபர் வாசலிலேயே காதருகில் வந்தார்.

"மேடம், பத்து நிமிசம் போதும். தேத்தண்ணிக்கு ரோல்ஸ் வந்துட்டு, ஆறிடும்."

"முப்பது வருசம் அரசாங்க வேலை பாத்தவளிட்ட பத்து நிமிசம் கேக்கிறீங்களே சேர்."

பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன். எட்டு வாரப் பாடம். தொடங்குமுன் ஒரு வினாக்கொத்து, முடிந்தபின் அதே வினாக்கொத்து. ஐஸ் போதை என்ன செய்யும், சட்டம் என்ன சொல்லும், கூட்டாளி நீட்டினால் எப்படி மறுப்பது? இரண்டாம் சுற்றில் எல்லா வகுப்பிலும் புள்ளிகள் ஏறியிருந்தன. எட்டு வாரம் ஒன்றையே சொல்லிவிட்டு அதையே திருப்பிக் கேட்டால் ஏறத்தானே செய்யும். பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி இருக்கிறது என்பதற்கு அது நல்ல ஆதாரம். இதை நான் மேடையில் சொல்லவில்லை.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று அதிபர் மரியாதைக்குச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"டீச்சர், நல்ல பலன் கிடைச்சது எண்டு சொன்னீங்க. என்ட மகனும் இதே பள்ளிக்கூடத்தில அந்தப் பாடம் படிச்சவன்தான். போன நோன்புக்கு முந்தி மௌத்தாப் போனான். ஐஸ்தான். அவனையும் சேத்தா சொன்னீங்க?"

ரோல்ஸ் தட்டோடு நின்ற ஆசிரியை தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"எல்லாரையும் சேர்த்துத்தான்," என்றேன். சேவைக்காலம் முழுவதும் இப்படித்தான்; வாய் முதலில் பதில் சொல்லிவிடும்.

தேநீர் நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். கோபம் தெரியவில்லை. "அவன் அந்தக் கடுதாசியில என்ன எழுதினான் எண்டு பாக்க ஏலுமா? வீட்ட ஒண்டும் கதைக்க மாட்டான். சொல்புத்தி கேக்காத பிள்ள எண்டு ஊர்ல சொல்றாங்க. அவன் ஒரு வார்த்த ஆருட்டயாவது கேட்டானா, இல்லியா? அதுதான் எனக்குத் தெரியணும்."

"பேர் எழுத விடேல்ல தங்கச்சி. குறியீடு மட்டும்தான். தாயின்ட பேரில முதல் எழுத்து, பிள்ளை பிறந்த திகதி, கூடப்பிறந்த ஆக்கள் எத்தின பேர்."

அவர் யோசிக்கவேயில்லை. "ந. பதினேழு. மூண்டு."

பிள்ளைகள் பயமின்றி எழுதவேண்டும், எந்த அதிகாரியாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியக்கூடாது என்று அந்தக் குறியீட்டு முறையை அமைத்தவளும் நான்தான். தாய்மார் கேட்டு வருவார்கள் என்று எந்த வழிகாட்டியிலும் இருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், மதுரங்குளியைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மேடையில் 'எல்லாரையும் சேர்த்து' என்று சொன்னது பொய் என்று. அந்தப் பாடத்துக்கு நான் எழுதிய வழிகாட்டியின் ஆறாம் பிரிவு சொல்கிறது: இரு சுற்றுகளில் ஒன்றிலேனும் தோற்றாதவர்களின் வினாக்கொத்துகள் பகுப்பாய்வில் சேர்க்கப்படலாகாது. விதி சரியானது. முன்னுக்கும் பின்னுக்கும் தாள் இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவது? இன்றும் அதை வாதாடி வெல்வேன். பிழை வேறு இடத்தில். இரண்டாம் சுற்று நடந்த வாரம் வகுப்பில் இல்லாத பிள்ளைகள் யார்? கடலுக்குப் போய்விட்டவர்கள், நுரைச்சோலைப் பக்கம் கூலி வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்கூடத்தை விட்டே போனவர்கள். எவருக்காகப் பாடம் எழுதினோமோ அவர்களைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்த நல்ல பிள்ளைகளை வைத்து நல்ல முடிவு எடுத்தோம். கழித்ததை அறிக்கையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஓய்வுபெற்ற பிறகு வாசிக்க நேரம் கிடைத்தது. கெடுதிகளை அடுக்கிச் சொல்லும் பாடங்களால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லையாம். பிள்ளைகளே பேசிப் பழகிப் பார்க்கும் பாடங்கள், வருடக்கணக்காக நடந்தால், கொஞ்சம் உதவுமாம். கொஞ்சம் என்பது ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. நாங்கள் நடத்தியது முதல் வகை.

கழித்த தாள்கள் என்னிடமே இருந்தன. அழிப்பதற்கு ஒரு சுற்றறிக்கை உண்டு, பாதுகாப்பதற்கு இன்னொன்று உண்டு. இவை இரண்டிலும் அடங்காதவை என்பதால் என் கடைசி நாளில் அலுமாரியிலிருந்து என் பெட்டிக்குள் வந்துவிட்டன. அடுத்த நாள் காலை கட்டை அவிழ்த்தேன். இருபத்தேழு தாள்கள். ந-17-3 பதினான்காவதாக இருந்தது.

வழமையான கேள்விகளுக்கு வழமையான பதில்கள். கடைசிக் கேள்வி: 'இப்பாடம் பற்றி நீர் கேட்க விரும்புவது யாது?' அதன் கீழே, எழுத்துகள் இடப்பக்கம் சாய, இப்படி எழுதியிருந்தான்:

'ஏற்கனவே தொடங்கின ஆள் எந்தப் பாடத்துக்குப் போக வேணும்?'

ஓரத்தில் சிவப்பு மையில் ஓர் எண்: 9. அந்த வளைவு என் கையுடையது. முதற்சுற்றுத் தாள்களை வகைப்படுத்தியவள் நான். சட்டம் பற்றிய கேள்விக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு இரண்டு, அப்படியே போய், பொருந்தாதவற்றுக்கு ஒன்பது. அந்தத் தாளை நான் வாசித்திருக்கிறேன். வாசித்த ஞாபகம் துளியும் இல்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

இரகசியத் தாள்களை மூன்றாம் ஆளிடம் காட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைத் திருத்தியதே நான். வெள்ளிக்கிழமை அந்தத் தாளோடு கரைத்தீவுக்குப் பஸ் ஏறினேன்.

அந்தத் தாயின் வீடு களப்பு நீரைப் பார்த்தபடி இருந்தது. கதிரையைத் துடைத்துப் போட்டார். தாளை வாங்கி முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார், 'ஆண்', 'தரம் 10' என்பதையும் விடாமல். கடைசிக் கேள்விக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"கேட்டிருக்கான்," என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "டீச்சர், கேட்டிருக்கான்."

"ஓம்."

"இந்தச் சிவப்பு என்ன?"

"பொருந்தாத கேள்வி எண்டு அர்த்தம்."

"ஆரு போட்டது?"

இதற்கு எங்கள் சேவையில் ஒரு சொல் உண்டு: உரிய உத்தியோகத்தர். நாக்கின் நுனிவரை வந்தது.

"நான்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசுவார் என்று நான் பஸ்ஸில் ஆயத்தப்படுத்தி வந்த பதில்கள் எல்லாம் வீணாகின.

"சரி, இப்ப சொல்லுங்க. அவன் கேட்டதுக்குப் பதில் என்ன? எங்க போயிருக்கணும்?"

"ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் இருந்தவர். செவ்வாய்க்கிழமையில. இதுக்கெண்டே."

"அப்பவுமா?"

"ஓம், அப்பவும். விபரம் எல்லாம் வழிகாட்டியின்ட பின்னிணைப்பில இருந்தது."

"பிள்ளைகளுக்குக் குடுத்ததா?"

"இல்ல. அதிபர்மாருக்கு மட்டும்."

"பஸ்ஸில எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணித்தியாலம்."

அவர் தலையை ஆட்டினார். தாளை நான்காக மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திருப்பித் தரமாட்டார் என்று தெரிந்தது, நானும் கேட்கவில்லை. வாசல்வரை வந்து, "மத்தத் தாளுகளையும் பாத்தீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"அதுகளுக்கும் உம்மாமார் இருப்பாங்கதானே."

பார்த்துவிட்டேன். சிவப்பு ஒன்பது இன்னும் நான்கு தாள்களில் இருக்கிறது. பின்னிணைப்பைப் பிள்ளைகளின் தாளிலேயே அச்சிடச் சொல்லிப் புதிய பாடக்காரர்களுக்கு எழுதினேன், பரிசீலனையில் உள்ளதாம். அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியும். அந்த நான்கு தாய்மாரின் முதல் எழுத்துகளும் மனப்பாடம். சிலாபம் சந்தையில் யாராவது ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முதல் எழுத்திலேயே என் கால் நின்றுவிடுகிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார். நான் மரக்கறிக்காரனிடம் விலை கேட்கிறேன்.