கறிக்கு ஒரு பிடி இறால்

இறால் பண்ணையில் என்னை வேலையால் நிற்பாட்டியது ஒரு பிடி இறாலுக்காக. அதுவும் நான் தின்ற இறால் இல்லை. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துப் பார்த்திருக்கிறேன், வயிற்றெரிச்சல் குறையவில்லை.

சண்டை முடிந்து கொஞ்ச வருஷம். எங்கள் ஆட்கள் மன்னார்ப் பக்கம் போய்க் காடு வெட்டி, தங்கள் பழைய வளவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. தொண்ணூறில் எங்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது வாப்பாவின் தோளில் ஏறிப் புத்தளத்துக்கு வந்தவன் நான். பிள்ளைகள் மதுரங்குளியில் படித்தார்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்று வாழ்க்கையில் முதன்முறையாகக் கைக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் கற்பிட்டிப் பக்கம் கரைவலை இழுத்தேன். மீன் பட்டால் சோறு, படாவிட்டால் வெறும் தேத்தண்ணி.

கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. வலை கரைக்கு வரும் நேரம் யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும், அவர் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் சும்மா நின்றவராக இருந்தாலும், கறிக்கு ஒரு பிடி மீன் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், நாங்கள் நிறுக்கவும் மாட்டோம். கை வைத்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் மறுநாள் மீன் படாது என்று வலைச் சொந்தக்காரர்களே பயப்படுவார்கள்.

பண்ணையில் இறால் பிடிக்கும் நாளில் குளத்தின் மதகைத் திறந்து தண்ணீரை வடிய விட்டு, மதகு வாயில் பை வலையைக் கட்டுவோம். அன்றைக்கு வலை நிறைந்து சேற்றில் புதைந்துவிட்டது. எங்கள் ஆட்களால் அசைக்கக்கூட முடியவில்லை. வெயில் ஏறுகிறது, ஐஸ் கரைகிறது, லொறிக்காரன் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்குகிறான். வரம்புக்கு அப்பால் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர், உடுத்ததைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. முழங்காலளவு சேற்றில் நின்று எங்களோடு சேர்ந்து இழுத்தார்கள். வலை ஏறியது. நான் கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். பட்டப்பகலில், மனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கள்ளன் இப்படியா களவெடுப்பான்?

மனேஜர் கொழும்புப் பக்கத்து ஆள், வந்து கொஞ்ச நாள்தான்.

"கம்பனிச் சாமான எடுத்துக் குடுக்க நீ யாரு?" என்றார்.

"கறிக்கு, சேர்" என்றேன்.

எங்கள் கரையில் அந்த ஒரு சொல் போதும். அவருக்குப் போதவில்லை. எல்லாருக்கும் முன்னால் கள்ளன் என்றார், நாளைக்கு வராதே என்றார்.

நான் போனேன். மறுநாளும் போனேன், அதற்கடுத்த கிழமையும் போனேன். பண்ணைக்கு வருகிற எவரும் வாசல் கேட்டடியில் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும், வெளி நோய் இறாலுக்கு ஒட்டாமல் இருக்க. அந்த மருந்தைக் கலக்கி ஊற்றிக்கொண்டிருந்தவனே நான்தான். இப்போது காவல்காரன், என்னை அண்ணனாக நினைத்து என் சோற்றுப் பார்சலில் பாதி தின்று வளர்ந்தவன், என் முகத்தைப் பார்க்காமல், "நானா, கால நனைங்க" என்பான். நனைத்துவிட்டு நிற்பேன். "சேர் மீட்டிங்கில" என்பான். ஈரக் காலோடு திரும்புவேன். உள்ளேயும் விடாமல் காலை மட்டும் கழுவி அனுப்புகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும். விரலிடுக்கில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

பள்ளிவாசல் தலைவரிடம் போனேன். நல்ல மனுஷர், உடனே மனேஜருக்குப் போன் எடுத்துக் கதைத்தார்.

"எடுத்தது பிழை எண்டு மன்னிப்புக் கேட்டா யோசிக்கிறாராம். சொல்லிருங்களேன், என்ன குறையப்போகுது?"

"நான் எடுக்கல்ல ஹாஜியார். குடுத்தன்."

"அவருக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"எனக்கு ஒண்டில்ல."

சலாம் சொல்லிவிட்டு எழும்பினேன். வீட்டுக்கு வந்தால் மனைவி வேறு. "ஊருக்கெல்லாம் கறிக்குக் குடுத்தீங்க. எங்கட சட்டியில என்ன கிடக்கு எண்டு வந்து பாருங்க." அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குக் கோபம். சைக்கிளை ஒரு உதை உதைத்தேன், பெடல் கழன்றது. அதற்குப் பிறகு பண்ணைக்கு நடந்துதான் போனேன்.

முதலாளி சிலாபத்துச் சிங்களவர். எப்போதாவதுதான் வருவார். ஒரு நாள் அவருடைய வாகனத்தைக் கேட்டடியில் மறித்துவிட்டேன். கண்ணாடியை இறக்கினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"எங்க அப்பாவும் கரைவலைதான். கறிக்குக் குடுக்கிறது எனக்குத் தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் விளங்கிக்கொண்ட ஒரே மனுஷன்.

"ஆனா இது கடல் இல்ல. நான் தீன் போட்டு வளர்க்கிறது. கடலுக்கு யாரு தீன் போடுறது?"

இதற்குப் பதில் ஒன்று இருக்க வேண்டும். இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"திரும்பி வா. ஆனா குளத்துக்கு வேணாம், கேட்டுக்கு வா. நீ கள்ளன் இல்ல. அதுதான் கேட்டுல போடுறேன்."

"ஓம் மாத்தயா" என்றேன். கள்ளன் இல்லை என்று முதலாளி வாயாலேயே கேட்ட சந்தோஷத்தில், கேட்டில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. பழைய காவல்காரனைக் குளத்துக்கு மாற்றினார்கள். மனைவி அன்றைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கஞ்சி காய்ச்சினாள்.

அடுத்த முறை இறால் பிடிக்கும் நாளில்தான் விளங்கியது. வலை இழுக்க மனேஜர் அதே பெண்களை நாட்கூலிக்கு எடுத்திருந்தார். காலையில் என்னிடம் வந்து, "போகும்போது ஒவ்வொருத்தர்ட பையையும் திறந்து பாரு" என்றார்.

"தெரிஞ்ச ஆக்கள், சேர்."

"அதுக்குத்தான் உன்னப் போட்டிருக்கு."

பகல் முழுக்க அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு மனேஜரையும் முதலாளியையும் என்னையும் ஏசிக்கொண்டு நின்றேன். விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு தரம் வெளியே கூட இறங்கினேன். எங்கே போவது?

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவ, அன்றைக்கு முதல் ஆளாகச் சேற்றில் இறங்கிய மனுஷி. நான் கேட்கும் முன்பே அவவே பையைத் திறந்து, சோற்றுப் பெட்டியின் மூடியையும் கழற்றி என் முன்னால் நீட்டினா.

"பாருங்க தம்பி" என்றா. குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், அது துளியும் இல்லை. "எங்களால உங்கட வேலை ஒருக்கா போனது போதும். நல்லாப் பாருங்க."

நான் குனிந்து பார்த்தேன்.