முதலில் கூப்பிடப்பட்ட கை

"அம்மாவின்ரை நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது பிள்ளை" என்றார் அண்ணை. எனக்கு அப்படி எழுத வராது.

எங்கள் அம்மா சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் கமக்கார வீட்டில் பிறந்து, எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டவர். அந்நாளில் அங்கே சந்தைக்கென்று கட்டடம் கிடையாது. மரநிழலில் சாக்கு விரித்துக் காய்கறி விற்றவர்களில் அம்மாவும் ஒருவர். மழை வந்தால் அந்தச் சாக்கையே தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்களாம்.

அம்மாவின் கை ராசியான கை என்று சந்தை முழுக்கப் பேச்சு. "அக்கா, முதல் நீங்கள் வாங்குங்கோ, பிறகு பாருங்கோ என்ரை வியாபாரத்தை" என்று காலையில் ஆளுக்கு ஆள் கூப்பிடுவார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் ஒரு பிடி கீரையோ நாலு மிளகாயோ வாங்குவார். அவர்கள் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதன் பிறகுதான் சந்தை சூடுபிடிக்கும்.

பல்கலைக்கழக வளாகம் வந்து ஊர் பெருத்தது. சந்தைக்குக் கூரையும் சீமெந்துத் தரையும் வந்தன. திறக்கும் நாளில் முதலில் வாங்குவது அம்மாதான் என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா அதற்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்து வைத்தார். அதற்குள் எங்களைப் பெற்ற ஐயா மாரடைப்பில் போய்விட்டார்.

ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்த பிறகே திறப்பு நாள் வந்தது. அம்மா வெள்ளைச் சேலையோடு போனார்; நானும் கூடப் போனேன். ஒருவரும் கூப்பிடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் தராசைத் துடைத்தபடி, முகம் பாராமல், "அக்கா, குறை நினையாதையுங்கோ. கொஞ்சம் பொறுத்து வாங்கோவன்" என்றார்.

"ஓம் தம்பி, எனக்குத் தெரியுந்தானே" என்று அம்மா வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்கோ அம்மா, வீட்டை போவம். உவையளும் உவையளின்ரை சந்தையும்!"

"பேசாமல் நில். வயிறு இருக்கெல்லோ" என்றார்.

அன்று தொடக்கம் கடைசிவரை, எல்லாக் கடையிலும் முதல் வியாபாரம் நடந்த பிறகே அம்மா உள்ளே போய்ச் சாக்கை விரித்தார். ஒருநாளைக்கு மறந்தாவது கூப்பிடுவார்கள் என்று அந்தச் சேலையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். கூப்பிடவேயில்லை. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று அம்மாவின் கடைசிப் பயணத்துக்கு அதையே உடுத்தி அனுப்பினேன்.

நோயில் பார்த்த வைத்தியருக்கும், தண்ணீர் பருக்கிய அயலவருக்கும் எங்கள் நன்றி. சந்தைக்காரரும் வந்தார்கள். காலையிலேயே எடுப்பதாகச் சொல்லியிருந்தும், முதல் வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அதுவரை அம்மாவை வைத்திருந்தோம். காத்து நிற்பது அம்மாவுக்குப் பழக்கம்தானே. அவர்களுக்கும் நன்றி.