மலைக்கு வாங்கிய பூட்டு

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஜவ்வாது மலையில் ஆசிரியை வேலை கிடைத்ததும் எங்கள் ஊர் சந்தவாசலே பயமுறுத்தியது: "மலையில எல்லாம் திருட்டுப் பசங்க, ஜாக்கிரதை!" பெரிய பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

அங்கே யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. வெளியே போனால் கதவில் ஒரு குச்சியைச் சாத்திவிட்டுப் போவார்கள். நான் மட்டும் பூட்டினேன். நான்காம் நாள் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் ஓடினேன்.

"இன்னாத்துக்கு வரணும்? எங்கள்ல யாரு திருடன்னு மொதல்ல சொல்லுங்க டீச்சரம்மா. அப்புறம் பாடம் சொல்லுங்க."

தலைகுனிந்து வந்து பூட்டைக் கழற்றினேன், குச்சியைச் சாத்தினேன். மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள்.

சந்தவாசலில் எங்கள் வீட்டு அண்டா இரண்டு முறை திருடு போயிருக்கிறது. இரண்டு முறையும் எடுத்தவர்கள் எங்கள் தெருக்காரர்களே. அப்போதுகூட வாங்காத பூட்டை, மலைக்குப் போகத்தான் வாங்கினேன்.